எண் இல்லாதது

எழுபத்தைந்து விற்பனைக்கு.
எழுபத்தாறாவது எனக்கு,
அடிப்பதற்கு.

லு லொக்லில் ஒரு கண்ணாடி அறை.
மூன்று கிலோ சுத்தியலை
ஒரு மீட்டர் உயரத்துக்கு இழுத்து
விட்டுவிடுவேன். இதுதான் என் உத்தியோகம்.
கடிகாரம் பறந்துபோய்த் துணிவலையில் விழும்.
ஓட்டத்தை அளக்கக் கருவி இருக்கிறது,
ஆனாலும் முதலில் காதில்தான் வைப்பேன்.

பிறகு குளிர்ப்பெட்டி.
பிறகு உப்புத் தண்ணீர்.
பிறகு முந்நூறு மீட்டர் ஆழத்தின் பாரம்,
கடலே இல்லாத நாட்டில்,
வாளி அளவு எஃகுத் தொட்டிக்குள்.

மற்றவற்றின் முதுகில் எண் பொறித்திருக்கும்.
இதன் முதுகு வழவழ.
குனிந்தால் என் மூக்கு தெரியும்.

பனிப்பாறையில் ஏறுகிறவர்களுக்கு என்கிறது விளம்பரத் தாள்.
என் ஒன்றரை ஆண்டுச் சம்பளம் விலை.
பனிப்பாறையில் ஏறுகிற என் மைத்துனன்
கடிகாரமே கட்டுவதில்லை.

நான்கு ஆண்டு கழித்து
நாற்பத்தொன்று திரும்பி வந்தது,
காவலாள் துணையோடு.
ஒரு கீறல் இல்லை.
பின்மூடியின் பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை.
கடிதம் சொன்னது:
ஒருமுறையும் அணிந்ததில்லை. நின்றுவிட்டது.
விளக்கம் தேவை.

கோரன்தன் திறந்தான்.
விளக்கம் கறுப்புப் பொடியாக உள்ளே கிடந்தது.

பணக்காரர்கள் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள்.
மின்சாரத்தில் மெல்லத் திரும்பும்,
மணிக்கட்டு மாதிரி நடிக்கும்.
இரும்பு அலமாரிக்குள், இருட்டில்,
செக்குமாடாக
நான்கு ஆண்டு நடந்திருக்கிறது.
எண்ணெய் காய்ந்துவிட்டது.
குலுக்கலை முறுக்காக்கும்
இரண்டு சின்னச் சக்கரங்களின் பல் தேய்ந்துவிட்டது.
மாற்றுச் சக்கரம் யாரும் செய்து வைக்கவில்லை.
அரிது என்றால் அதுவும்தான்.

மதாம் கல்லாம் என் அறைக்கு வந்தாள்.
சத்தத்துக்குப் பயந்து வரவே மாட்டாள்.
"உன்னிடம் ஒன்று இருக்கும், இல்லையா?"

இருந்தது.
விதிப்படி அன்றே நசுக்கியிருக்க வேண்டும்.
அழிக்கப்பட்டது என்று பதிவேட்டில்
என் கையெழுத்திலேயே இருந்தது.
மதாம் கல்லாம் பதிவேட்டைப் பார்க்கவில்லை.
நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

தரச்சான்றுக்குத் தேவையான அடி கொஞ்சம்தான்.
மீதி ஆயிரத்துச் சொச்சம்
என் ஆர்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் திருகு முறிந்து தெறித்தது.
சாவி கொடுக்க வழியில்லை.
அதனால்தான் தினமும் காலையில் கோட்டைக் கழற்றியதும்
இழுப்பறையைத் திறந்து ஒரு முப்பது குலுக்கு.
ஓடியது.
நாளுக்கு நான்கு நொடி முந்திக்கொண்டு,
எதற்கோ அவசரமாக.

கோரன்தன் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே
"புதுசு மாதிரி இருக்கு" என்றான்.
இரண்டு சக்கரங்களையும் சாமணத்தால் தூக்கினான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
நிற்கவில்லை.
மிச்சமிருந்த முறுக்கில் ஓடியது,
செவ்வாய், புதன்,
வியாழன் மதியம் சாப்பிடப் போனபோதும்.
திரும்பி வந்தேன். பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

பதில் கடிதத்தை மதாம் கல்லாமே எழுதினாள்:
அசல் பாகங்கள் பொருத்தப்பட்டன.
ஒரு சொல் பொய்யில்லை.
எந்த அசல் என்று அவரும் கேட்கவில்லை.

மாலை, எல்லைச் சுரங்கத்துக்கு முன்
பிரான்சுக்குத் திரும்பும் கார்களின் வரிசை.
என் கையில் பெட்ரோல் பங்கில் வாங்கிய பாட்டரி கடிகாரம்.
எங்கோ ஓர் அலமாரி சாத்தப்படும்.
பெட்டி திரும்பத் தொடங்கும்.
அடிக்கு மேல் அடி வாங்கிய இரண்டு சக்கரங்கள்
முதல் சுற்றில் சுத்தியலுக்குக் காத்திருக்கும்.
வராது.

வெள்ளிக்கிழமை காலை
கோட்டைக் கழற்றினேன்.
கை தானாக இழுப்பறைக்குப் போனது.
குலுக்கினேன்.
உள்ளே அரைவட்டத் தகடு
விர்ரென்று சுற்றியது, நன்றாகவே சுற்றியது,
பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல்.